தேன்கனிக்கோட்டை காட்டுச் சாலைகளில் ரோடு பைக்: போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம்

எலக்ட்ரானிக் சிட்டியில் குடியிருக்கிறீர்கள், ஒரு வருஷமாக ரோடு பைக், அதாவது தார்ச்சாலைக்கான மெல்லிய டயர் சைக்கிள், ஓட்டுகிறீர்கள், ஞாயிறு காலையில் சமதளத்தில் 60 கிலோமீட்டர் சிரமமில்லாமல் போய்வருகிறீர்கள். வண்டியில் 25 மில்லிமீட்டர் டயர், பின்னால் 11-28 கேசட் (11 முதல் 28 பல் வரையுள்ள பல்சக்கர அடுக்கு). தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் காட்டு வழியில் 100 கிலோமீட்டருக்கு நல்ல ரூட் எது, ஒகேனக்கல் வரை ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா, யானை பயம் நிஜமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே கேள்விதான். காடு அழகாக இருக்கும் இடத்துக்குப் போவது சுலபம். அங்கிருந்து வெயில் ஏறிய பிறகு, தீர்ந்துபோன காலோடு எப்படித் திரும்பி வருவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரூட்டை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் நிலத்தின் அமைப்பு. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனேக்கல், ஓசூர், தளி எல்லாம் அதே மேட்டுநிலத்தின் தொடர்ச்சி. தெற்கே போகப் போக மேட்டுநிலம் உடைந்து காவிரியை நோக்கிச் சரிகிறது. மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 790 அடி, அதாவது 241 மீட்டர். ஒகேனக்கல் அந்த நீர்ப்பரப்பின் மேல்கோடியில் இருப்பதால் அதைவிடக் கொஞ்சம்தான் உயரம். ஆக, உங்கள் வீட்டுக்கும் ஒகேனக்கல்லுக்கும் ஏறத்தாழ 650 மீட்டர் வித்தியாசம். அஞ்செட்டி சாலை மட்டுமல்ல, கனகபுரா தாண்டி காவிரிக்கரையில் இருக்கும் சங்கமாவுக்கும் முத்தத்திக்கும் போகும் சாலைகளும் இப்படித்தான், போகும்போது இறக்கிவிடும்.

நந்தி மலை இதற்கு நேர் எதிர். 1,478 மீட்டர் உச்சிக்குக் காலைக் குளிரில் ஏறி முடித்துவிடுவீர்கள், திரும்பும்போது மலையில் இறக்கம்தான். நந்தியில் பழகியவர்கள் அதே கணக்கோடு அஞ்செட்டிப் பக்கம் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். பத்து மணிக்குக் கீழே இருப்பார்கள், மீட்டரில் சராசரி வேகம் 28 என்று காட்டும், உடம்பும் களைத்திருக்காது. பதினோரு மணி வெயிலில் மலை ஆரம்பிக்கும். ஒவ்வொரு 1,000 மீட்டர் இறக்கத்துக்கும் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி கூடும். 650 மீட்டருக்கு நாலு டிகிரிக்கு மேல் கணக்கு வருகிறது. ஏற்றத்தில் மணிக்கு 9 கிலோமீட்டரில் ஊர்ந்தால் முகத்தில் காற்றும் படாது, வியர்வை ஆறாது. நீங்களும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ என்றால் அந்த 650 மீட்டரைத் தூக்குவதற்கு மட்டும் உடம்பு சுமார் 550 கிலோகலோரி எரிக்க வேண்டும். தூரத்துக்கான செலவு தனி.

எனவே உங்களுக்கு நான் சொல்லும் முதல் ரூட் மேட்டுநிலத்தை விட்டு இறங்காத ரூட்: சந்தாப்புரா, ஆனேக்கல், தளி, தேன்கனிக்கோட்டை, மத்திகிரி, ஓசூர், அத்திப்பள்ளி, மறுபடி சந்தாப்புரா. சுற்று முழுவதும் சுமார் 100 கிலோமீட்டர். ஆனேக்கல் தாண்டியதும் போக்குவரத்து குறைந்துவிடும். தளியை வெள்ளைக்காரர் காலத்திலிருந்து குட்டி இங்கிலாந்து என்று சொல்வதுண்டு. காலைக் குளிரில் போனால் காரணம் புரியும். கேழ்வரகுக் கொல்லைகள், ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்கள், தைலமரத் தோப்புகள், தளிக்கும் தேன்கனிக்கோட்டைக்கும் இடையே ஜவளகிரிக் காட்டை ஒட்டிய பகுதி. பெரிய மலை எதுவும் கிடையாது. சின்னச் சின்ன மேடும் பள்ளமும் விடாமல் வந்துகொண்டே இருக்கும். சமதளத்தில் மட்டும் ஓட்டியவர்களுக்கு இதுவே நல்ல பாடம். மேட்டின் அடிவாரத்திலேயே கியரைக் குறைக்க வேண்டும். பாதி ஏறி மிதி இறுகியபின் மாற்றினால் சங்கிலி கரகரவென்று தவறும், சில நேரம் கழன்றும் விடும்.

இந்தச் சுற்றில் மோசமான பகுதி ஓசூரிலிருந்து வீடு வரையிலான தேசிய நெடுஞ்சாலை 44. லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய கம்பித் துண்டுகள் ஓரத்தில் கிடக்கும். டியூபுக்கு முள்ளைவிட அதுதான் எமன். அத்திப்பள்ளி, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளின் ஷிப்ட் மாறும் நேரத்தில் சர்வீஸ் ரோடும் நெரிசலாகிவிடும். ஞாயிறு பத்து மணிக்கு முன் என்றால் சமாளிக்கலாம். இல்லையென்றால் தேன்கனிக்கோட்டையிலிருந்து வந்த வழியே தளி, ஆனேக்கல் என்று திரும்புவதுதான் நிம்மதி. தூரமும் பெரிதாகக் கூடாது.

இது இரண்டு மூன்று முறை பழகியபின், தேன்கனிக்கோட்டையிலிருந்து அய்யூர் வழியாகப் பெட்டமுகிலாளம். மேலகிரி மலைத்தொடரில் இருக்கும் ஊர். மரங்கள் அடர்ந்த, குறுகலான சாலை. நந்தியைப் போல இதிலும் போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம். முதல் காட்டு மலைக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். பாதியில் கால் விட்டுப்போனால் வண்டியைத் திருப்பினால் போதும், ஊர் வரை இறக்கம் கொண்டுவந்து சேர்க்கும். அஞ்செட்டி சாலையில் அந்த வசதி கிடையாது.

அஞ்செட்டி மூன்றாவது. அதற்கு எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்தே மிதித்துக்கொண்டு போக வேண்டாம். ஆனேக்கல், தளி வழியாகத் தேன்கனிக்கோட்டை வந்து சேரும்போதே உங்கள் வழக்கமான 60 கிலோமீட்டர் முடிந்திருக்கும். மீதிக் காலை வைத்துக்கொண்டு மலையேற்றம் வேண்டாம். வண்டியைக் காரில் வைத்துத் தேன்கனிக்கோட்டை வரை வந்து, அங்கே இட்லி சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்குக் கிளம்புங்கள். அஞ்செட்டி அங்கிருந்து சுமார் 27 கிலோமீட்டர். காட்டுக்குள் வளைந்து இறங்கும் சாலை, போக ஒன்றேகால் மணி நேரம் போதும். ஒன்பது மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும் என்று கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இறங்கும்போது எடுக்கும் முடிவு எப்போதும் இன்னும் கொஞ்சம் போகலாம் என்றுதான் இருக்கும்.

திரும்பும் ஏற்றத்தில் முதல் மூன்றில் ஒரு பங்கை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுங்கள். பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவு மூச்சு இருக்க வேண்டும். ஆரம்பத்தில் மூச்சு வாங்கிவிட்டால் அந்தச் சாலையில் அதை மீட்டுக்கொள்ளச் சமதளம் கிடைக்காது. தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். 750 மில்லி பாட்டில் இரண்டு, ஒன்றில் ஓஆர்எஸ். அஞ்செட்டியில் இரண்டையும் நிரப்பிக்கொண்டுதான் ஏற ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் மேலே தேன்கனிக்கோட்டையை நெருங்கும்வரை கடைகளை நம்ப முடியாது. சாப்பாடு மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து: ஒரு வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம், கூட இரண்டு கடலை மிட்டாய் என்றால் சரியாகிவிடும். பசித்தபின் சாப்பிடுவது மலையில் பலன் தராது. முதல் 40 நிமிஷத்திலேயே வாயில் ஏதாவது போட ஆரம்பியுங்கள்.

இனி கியர். உங்கள் 28 பல் கேசட் போதுமா என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும். முன்னால் காம்பாக்ட் கிராங்க் (மிதியோடு சேர்ந்த இரண்டு பல்சக்கரங்கள்), அதில் சின்னச் சக்கரம் 34 பல் என்று வைத்துக்கொள்கிறேன். 34க்கு 28 என்றால் ஒரு மிதிச் சுற்றுக்குச் சக்கரம் 1.21 முறை சுழலும். சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். நிமிஷத்துக்கு 70 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 10.7 கிலோமீட்டர். 8 சதவீத ஏற்றத்தில் 85 கிலோவை அந்த வேகத்தில் கொண்டுபோக 220 வாட் வேண்டும். ஒரு வருஷம் ஓட்டியவர்களில் பெரும்பாலானோரால் அதை அரை மணி நேரம் தாங்க முடியாது. உடனே மிதிச் சுற்று 50க்கு இறங்கும், முழங்கால் சுமையை வாங்கும், மறுநாள் முட்டிச் சிப்பிக்குக் கீழே வலி வரும். அதே இடத்தில் பின்னால் 34 பல் இருந்தால் 70 சுற்றில் வேகம் 8.8 கிலோமீட்டர், தேவை 180 வாட் சொச்சம். வண்டியில் வேறெதற்கும் செலவு செய்யும் முன் இதற்குச் செய்யுங்கள்.

ஆனால் கேசட்டை மட்டும் வாங்கி மாட்டிவிடாதீர்கள். பின்னால் சங்கிலியைப் பல் மாற்றும் கருவியான ரியர் டீரெய்லரில், குட்டிச் சக்கரங்களைத் தாங்கும் கூண்டு குட்டையா நீளமா என்று பாருங்கள். உதாரணமாக சிமானோ 105 ஆர்7000 வரிசையில் குட்டைக் கூண்டு 30 பல் வரைதான் ஏற்கும், நீளக் கூண்டு 34 வரை. 28லிருந்து 34க்குப் போகும்போது சங்கிலியையும் நீளமாக்க வேண்டும். பழைய சங்கிலியோடு முன்னால் பெரிய சக்கரம், பின்னால் பெரிய பல் என்று தவறி ஒருமுறை விழுந்தால் சங்கிலி விறைத்து டீரெய்லரையே பிய்த்துவிடும். கடையில் மாற்றினாலும் அந்தக் கோர்வையை ஸ்டாண்டில் வைத்து மெதுவாகச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

இறக்கத்தில் பிரேக்கை வளைவுக்கு முன்னால் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கை இறுக்கினால் மணல் இருக்கும் இடத்தில் முன்சக்கரம் வழுக்கிவிடும். மழைநீர் மண்ணைக் கொண்டுவந்து சேர்ப்பது வளைவுகளில்தான். கைகள் ஹாண்டில்பாரின் கீழ்வளைவில் இருக்கட்டும். பிரேக் லீவருக்கு அங்கிருந்துதான் முழு பலம் கிடைக்கும். ரிம் பிரேக் வண்டியென்றால் தொடர்ந்து லேசாகத் தேய்த்துக்கொண்டே இறங்காதீர்கள். ரிம் சூடாகி டியூப் வெடிக்க அதுவே காரணம். அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுக்க விட்டு ஆறவிட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு முழு அகலமும் தேவைப்படும். ஹாரன் கேட்டால் வளைவுக்கு வெளியே நின்று, அது போனபின் இறங்குங்கள்.

இந்தப் பகுதிக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. வெளியூர்க்காரர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை. அறுவடைக் காலத்தில் விவசாயிகள் கேழ்வரகுத் தாளையும் கொள்ளுக்கொடியையும் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். வண்டிகள் ஏறி ஏறித் தானியம் உதிரும். காருக்கு ஒன்றும் ஆகாது. ரோடு பைக்கின் பின்சக்கரம் ஏறினால் நார் போன்ற கொடி கேசட்டிலும் டீரெய்லரின் குட்டிச் சக்கரங்களிலும் சுற்றிக்கொள்ளும். இரண்டு மூன்று மிதியில் டீரெய்லரை இழுத்து ஸ்போக்குக்குள் தள்ளும். அது மாட்டியிருக்கும் ஹாங்கர் என்ற அலுமினியத் துண்டு உடையும். அத்தோடு அன்றைய சவாரி முடிந்தது. தாளுக்கு அடியில் பள்ளம் இருந்தாலும் தெரியாது. உதிர்ந்த கொள்ளு டயருக்குக் கீழே உருளும். எனவே இறங்கி, பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கடந்துவிடுங்கள். விவசாயிக்கு அது ஒரு வருஷத்து உழைப்பு, அதன் மேல் ஓட்டாமல் போவது மரியாதையும்கூட. அப்படியும் ஏறிவிட்டால் மிதிப்பதை நிறுத்தி வேகத்திலேயே வெளியே வந்து, பின்னோக்கி மிதித்துப் பார்த்துவிட்டு, சிக்கியதைக் கையால் எடுத்தபின் கிளம்புங்கள். உங்கள் மாடலுக்குப் பொருந்தும் ஹாங்கர் ஒன்று பையில் இருக்கட்டும். அது வண்டிக்கு வண்டி மாறும், வழியில் எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஊர் நுழைவில் வெள்ளைக் கோடு இல்லாத ஸ்பீடு பிரேக்கர்கள் வரும். காற்று குறைவான 25 டயர் அதில் அடிபட்டால் டியூபில் பாம்பு கடித்ததுபோல இரண்டு ஓட்டை விழும். எடை 70 முதல் 75 கிலோ என்றால் 25 டயருக்குப் பின்னால் 90, முன்னால் 85 பிஎஸ்ஐ வையுங்கள். ஃபிரேமில் இடமிருந்தால் 28 டயருக்கு மாறி, பின்னால் 75, முன்னால் 70 வைத்துக்கொள்வது இந்தச் சாலைகளுக்கு நிச்சயம் மேல். டியூப் இரண்டு, பேட்ச், டயர் லீவர், கைபம்ப், மல்டிடூல், சங்கிலிக்கு ஒரு குவிக் லிங்க். ஊர் பஞ்சர் கடையின் காற்றுக்குழாய் மெல்லிய பிரெஸ்டா வால்வில் உட்காராது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் எந்தக் கடையிலும் காற்று பிடிக்கலாம். பஞ்சர் போடும்போது டயரின் உள்பக்கம் விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். முள் அங்கேயே இருந்தால் அடுத்த டியூபும் பத்து நிமிஷத்தில் போகும்.

யானை பயம் நிஜம். பன்னேர்கட்டா காடும் இந்தக் காடுகளும் ஒரே தொடர். பன்னேர்கட்டாவிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டை, நொகனூர், ஓசூர் பக்கக் காடுகளுக்கு வருஷா வருஷம் வருகின்றன. கேழ்வரகு முற்றும் காலம் அவற்றின் காலம், அதாவது அக்டோபர் முதல் பிப்ரவரி வரை. தெற்கே காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்டது, காவிரி தெற்கு 2022இல். அங்கே யானைகள் ஆண்டு முழுவதும் உண்டு. ராத்திரி கொல்லையில் மேய்ந்துவிட்டு விடியும் நேரத்தில் சாலையைக் கடந்து காட்டுக்குள் போகும், சாயங்காலம் திரும்ப வரும். ஆகவே காட்டுப் பகுதிக்குள் காலை ஏழுக்கு முன்னும் மாலை நாலுக்குப் பின்னும் இருக்கக் கூடாது. விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பும் நந்திப் பழக்கம் இங்கே உதவாது.

சைக்கிள் சத்தமில்லாமல் போவதுதான் இதில் பிரச்சினை. லாரி வருவது யானைக்கு முன்கூட்டியே தெரியும். நீங்கள் வருவது தெரியாமல் திடுக்கிட்டால் அது விரட்டும். மூங்கில் புதர், குட்டை, மறைவான வளைவு வரும் இடங்களில் பெல் அடியுங்கள், சத்தமாகப் பேசிக்கொண்டு போங்கள். காதில் இயர்போன் கூடவே கூடாது. ஈரம் காயாத யானை லத்தி, அப்போது ஒடிந்த கிளை கண்ணில் பட்டால் அங்கேயே நின்றுவிட்டு பஸ்ஸோ லாரியோ வரும்வரை காத்திருந்து அதன் பின்னாலேயே போங்கள். யானை தெரிந்தால் குறைந்தது 100 மீட்டர் தள்ளி, சத்தமில்லாமல் வண்டியைத் திருப்பி வந்த வழியே விலகுங்கள். செல்ஃபோனில் படம் எடுக்க நிற்பது வேண்டாம். அது மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடும், ஏற்றத்தில் நீங்கள் ஒன்பதில் போவீர்கள். யானையால் இறக்கத்தில் ஓட முடியாது என்று சொல்வதை நம்பாதீர்கள், நன்றாகவே ஓடும். தார்ச்சாலையை விட்டுக் காட்டுத் தடத்தில் இறங்கினால் ஆபத்தோடு சட்டச் சிக்கலும் சேரும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம்.

உயரமும் கியர் கணக்கும் மாறாதவை, நம்பிச் செல்லலாம். சாலையின் தரமும் யானை இருக்கும் இடமும் அப்படியல்ல. ஒரு மழைக்கால முடிவில் எழுதப்பட்ட ரூட் விவரம் அடுத்த மழைக்குள் பொய்யாகிவிடும், என்னுடையதும் சேர்த்துத்தான். முந்தைய நாள் நிலவரம் தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அஞ்செட்டி வண்டி ஓட்டுநருக்கும் வனத்துறைச் செக்போஸ்டில் இருப்பவருக்கும் தெரியும். இரண்டு பேரையும் கேட்காமல் இறங்காதீர்கள். வேண்டாம் என்று சொன்னால் திரும்பிவிடுங்கள்.

காலநிலைக்கு டிசம்பர், ஜனவரி இதம். ஆனால் யானைகள் நடமாடுவதும் தாள் பரப்புவதும் அப்போதுதான். அதனால் தளிச் சுற்றுக்கும் அஞ்செட்டிக்கும் ஜூலை, ஆகஸ்ட் மேகமூட்டமான நாட்களே என் தேர்வு. அப்போது மேற்கிலிருந்து காற்று பலமாக அடிக்கும், தேன்கனிக்கோட்டைச் சாலையில் பக்கவாட்டில் தள்ளும். ஆழமான ரிம் உள்ள சக்கரம் வேண்டாம். நகரின் மேற்கே இருப்பவர்களுக்கு அந்த மாதங்களில் மஞ்சனபெலே, சாவனதுர்கா, மாகடி பக்கம் இன்னும் பொருத்தம்: போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது அது முதுகைத் தள்ளிக் கொண்டுவந்து விடும். ஏப்ரல், மே இரண்டையும் காவிரிப் பக்கத்துக்கு விட்டுவிடுங்கள்.

ஒகேனக்கல் போய் ஒரே நாளில் மிதித்தே திரும்புவது இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம். அஞ்செட்டி ஏற்றத்தை நிமிஷத்துக்கு 70 மிதிச் சுற்றில், கால் ஊன்றாமல் ஏறி முடிக்க வந்தபின் அதை ஒருவழிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். தேன்கனிக்கோட்டையில் முதல் நாள் இரவு தங்கி, காலை ஏழுக்குக் கிளம்பி, அஞ்செட்டி வழியாகக் காட்டுச் சாலையில் ஒகேனக்கல். அஞ்செட்டிக்குப் பிந்தைய பகுதியில் குறைந்தது இரண்டு பேராவது சேர்ந்து போங்கள். செல்ஃபோன் சிக்னல் அறுந்துபோகும், 108ஐக் கூப்பிடக்கூட ஒருவர் சிக்னல் வரும் இடம் தேடிப் போக வேண்டியிருக்கும். எந்நேரத்துக்குள் பேசுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். ஒகேனக்கல்லில் குளித்து, மீன் சாப்பிட்டு, நாலு மணிக்குள் காட்டைத் தாண்டும்படி கிளம்பினால் பென்னாகரம் வழியாகத் தருமபுரிக்கு 46 கிலோமீட்டர். அதிலும் ஆரம்பத்தில் ஒரு மலை ஏற்றம் இருக்கிறது, அந்த நேரத்துக்குக் கால் இல்லையென்றால் வேன் பிடித்துக்கொள்ளுங்கள். தருமபுரி, சேலம் பெங்களூரு ரயில் பாதையில் இருக்கிறது. சைக்கிளை லக்கேஜாகப் பதிந்து பிரேக் வேனில் ஏற்ற வேண்டும், அதற்கு ரயில் வரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாவது பார்சல் ஆபீஸில் இருக்க வேண்டும். முதல் நாளே அங்கே ஃபோனில் கேட்டு, நீங்கள் குறித்திருக்கும் ரயிலில் பிரேக் வேன் உண்டா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.